பௌர்ணமி எப்போதென்று தெரியும்... கருமுட்டை வெளிவரும் நாள் தெரியுமா?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். அடுத்த பௌர்ணமி என்றைக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பட்டென்று சொல்வார்கள். பூ கட்டும் அக்காவுக்குத் தெரியும், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனுக்குத் தெரியும், செங்கம் ரோட்டு டீக்கடைக்காரருக்கு அத்துபடி! பிள்ளை வரம் கேட்டு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்க வரும் தம்பதிகளும் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

சரி, கரு தங்குவதற்கு உடம்புக்குள் ஒரு நேரம் இருக்கிறதே, அது எப்போது? மாதத்தில் ஆறே ஆறு நாள்தான்! வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சொல்கிறது, வந்து போய்விட்டது என்றும் சொல்கிறது. கேட்கத்தான் நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மூக்கில் விரல் வைக்கத் தயாரா? வாருங்கள்!

1. நிலாவும் மாதவிலக்கும்... கால் நாள்தான் வித்தியாசம்!

பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.5 நாள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு 1,24,648 பெண்களின் 6,12,613 மாதச் சுழற்சிகளை அலசியது. சராசரி எவ்வளவு வந்தது தெரியுமா? 29.3 நாள்! ஆஹா, அப்படியானால் பௌர்ணமியன்றுதான் கருமுட்டை வருமா? அவசரப்படாதீர்கள். அது சராசரி மட்டும்தான். 24 நாளில் மாதவிலக்கு வருபவரும் உண்டு, 34 நாளில் வருபவரும் உண்டு. 21 முதல் 35 நாள் வரை சகஜமே. மலையைச் சுற்ற நிலாவைப் பாருங்கள்; கருமுட்டைக்கு உங்கள் சொந்தக் காலண்டரைப் பாருங்கள்.

2. நீங்கள் உருவான முட்டை, பாட்டி வயிற்றில் இருந்தது!

பெண்ணுக்குக் கருமுட்டைகள் மாதாமாதம் புதிதாக உற்பத்தியாவதில்லை. தாயின் வயிற்றில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போதே அவள் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள்! பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுக்க வெளியே வருபவை சுமார் 400 மட்டும்! இப்போது கணக்குப் போடுங்கள்: உங்களை உருவாக்கிய முட்டை, உங்கள் அம்மா உங்கள் ஆயா வயிற்றில் சிசுவாக இருந்தபோதே உருவாகிவிட்டது. வயது ஏற ஏறக் கரு தங்குவது கடினமாவதற்கும் இதுதான் காரணம். முட்டைக்கும் உங்களோடு சேர்ந்து வயது ஏறுகிறது.

3. மனித குலம் முட்டையைத் தேடி அலைந்த கதை தெரியுமா?

அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரம் எழுந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் பாலூட்டியின் கருமுட்டையை மனிதன் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தான்! ஆண்டு 1827. பார்த்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர். எங்கே பார்த்தார்? சக பேராசிரியர் வீட்டு நாயின் சினைப்பையில்! இத்தனைக்கும் மனிதக் கருமுட்டைதான் நம் உடம்பிலேயே பெரிய செல். குறுக்களவு 0.1 மில்லிமீட்டர். கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தட்டுப்படும்!

4. 'டப்'பென்று வெடித்து வருவதில்லை!

கருமுட்டை நொடியில் தெறித்து வருகிறது என்றுதான் மருத்துவர்களே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2008இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜாக் டோனே ஒரு பெண்ணுக்குக் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்குத் தயாரானபோது, கருமுட்டை வெளிவரும் காட்சி தற்செயலாக கேமராவில் சிக்கியது. நிதானமாக, சுமார் 15 நிமிடம்! இன்னொரு ஆச்சரியம்: வலது சினைப்பையில் வந்த முட்டையை இடது கருக்குழாய் எட்டி எடுத்துக்கொள்வதும் உண்டு. ஒரு பக்கக் குழாயை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்களே என்று கலங்கும் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. ஆறு நாள் சன்னல்... அதில் மூன்று நாள் முத்து!

முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும்! அப்படியானால் யார் முதலில் வந்து காத்திருக்க வேண்டும்? விந்தணுதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைக் கண்காணித்து ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை அடித்துச் சொன்னது. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்கும் நாட்கள்; அதுதான் அந்த ஆறு நாள் சன்னல். ஐந்து நாள் முன்பு சேர்ந்தால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். முட்டை வரும் நாளில் 33 சதவீதம். மறுநாள்? அந்த ஆய்வில் பூஜ்யம்! முட்டை வரும் நாளையும் அதற்கு முந்தைய இரண்டு நாளையும் விடாதீர்கள். நாள் பார்க்கவே நேரமில்லையா? இரண்டு நாளுக்கு ஒரு முறை சேர்ந்திருந்தாலே சன்னல் தப்பாது.

6. முதல் நாள் எது? இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்!

"எப்பம்மா தலைக்கு ஊத்திக்கிட்ட?" என்றுதான் வீட்டில் பெரியம்மாக்கள் கேட்பார்கள். அந்த நாளையே நாமும் முதல் நாளாக மனதில் குறித்துக்கொள்கிறோம். டாக்டர் கேட்பது அதுவல்ல! ரத்தப்போக்கு தொடங்கிய நாள்தான் ஒன்றாம் நாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தலைக்கு ஊற்றிக்கொண்டதிலிருந்து எண்ணினால், ஆறு நாள் சன்னலில் பாதியைக் காலண்டரிலேயே தொலைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பம், '14ஆம் நாள்'. எல்லாருக்கும் 14ஆம் நாளா? இல்லவே இல்லை! ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஓகினோ 1924லேயே கண்டுபிடித்துச் சொன்னார்: முன்னாலிருந்து எண்ணாதீர்கள், பின்னாலிருந்து எண்ணுங்கள். அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்புதான் முட்டை வருகிறது. 28 நாள் சுழற்சிக்காரருக்கு 14ஆம் நாள் வாக்கில். 35 நாள்காரருக்கு 21ஆம் நாள் வாக்கில்! பாடப்புத்தகம் சொல்லும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் சன்னல் முழுதாக அடங்கிய பெண்கள் சுமார் 30 சதவீதம்தான் என்று வில்காக்ஸ் குழு 2000ஆம் ஆண்டு காட்டியது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளை வேண்டும் என்பவர்களுக்காக ஓகினோ கண்டுபிடித்ததை உலகம் பிள்ளை வேண்டாம் என்பதற்குப் பயன்படுத்தியது. அவருக்கு அதில் உடன்பாடே இல்லை!

7. மாட்டுக்குப் பார்க்கிறோம்... மகளுக்குச் சொல்கிறோமா?

ரமணாசிரமத்துப் பசு லட்சுமியைத் தெரியாத பக்தர் உண்டா? 1926இல் கன்றாக வந்து, 1948இல் மறைந்து, ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி கொண்ட பசு. அவள் போட்ட கன்றுகளில் குறைந்தது மூன்று, ரமணரின் ஜெயந்தி நாளிலேயே பிறந்தன என்று ஆசிரம வரலாறு சொல்கிறது. ஆச்சரியமா? பசுவின் சினைக்காலம் 280 நாளை ஒட்டியது. மனிதக் கர்ப்பத்துக்கும் கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள்!

இந்த ஊரைச் சுற்றி மாடு வைத்திருக்கும் எந்தப் பெரியவரையும் கேளுங்கள். 21 நாளுக்கு ஒரு முறை மாடு பருவத்துக்கு வரும். கத்தும், பால் குறையும், பின்புறம் கண்ணாடி மாதிரி கோழை கம்பியாக வழியும். காலையில் பார்த்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை ஊசி. தேதி போட்டு நோட்டில் எழுதியும் வைப்பார்! பெண்ணின் உடம்பும் கிட்டத்தட்ட அதே அறிகுறியைத்தான் காட்டுகிறது. மாதவிலக்கு முடிந்ததும் வறட்சி, பிறகு பிசுபிசுப்பு, பிறகு வெண்மையாக, கிரீம் பதத்தில், முட்டை வரும் நாள் நெருங்கியதும் தெளிவாக, வழுவழுப்பாக, இரு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுபடாமல் நீளும், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பதத்தில்! அப்படி வந்தால் சன்னல் திறந்துவிட்டது. மறுபடி கெட்டியானால் மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி 1950களில் தொடங்கி இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். செலவு ஒரு பைசா இல்லை! மாட்டுக்கு நோட்டுப் போடும் வீட்டில், கல்யாணமாகிப் போகும் பெண்ணிடம் இதைச் சொல்ல மட்டும் ஏன் இத்தனை கூச்சம்?

ஒரு எச்சரிக்கை: தயிர் திரிந்தாற்போல் வந்தாலோ, அரிப்பும் துர்நாற்றமும் இருந்தாலோ அது தொற்று. டாக்டரிடம் போக வேண்டும்.

8. எச்சிலில் பெரணிச் செடி முளைக்கிறது!

நம்ப மாட்டீர்கள். கருமுட்டை வரும் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது கருப்பைவாய்த் திரவத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவி உலரவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பெரணி இலைகள் விரிந்தாற்போல அச்சு அசல் கோலம்! உப்பு படிகமாவதால் வரும் வடிவம் அது. எச்சிலிலும் ஓரளவு தெரியும். லிப்ஸ்டிக் அளவுக்கு ஒரு குட்டி மைக்ராஸ்கோப் இதற்காகவே விற்பனையில் இருக்கிறது. அழகு சரி, ஆனால் இதை மட்டும் நம்பி நாள் குறிக்காதீர்கள். எல்லாருக்கும் தெளிவாக விழுவதில்லை.

9. கிரிவலம் போன மறுநாள் தெர்மாமீட்டர் பொய் சொல்லும்!

முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. அது உடம்புச் சூட்டைச் சற்றே ஏற்றிவிடும். எவ்வளவு? 0.4 முதல் 1 டிகிரி ஃபாரன்ஹீட் வரை! ஜுரம் என்று தொட்டால் தெரியாது, தெர்மாமீட்டருக்குத் தெரியும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு இறங்காமல், காபி குடிக்காமல், தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். 97.2, 97.3 என்று ஓடிக்கொண்டிருந்தது 97.8க்கு ஏறி மூன்று நாள் இறங்காமல் நின்றால், முட்டை வந்துவிட்டது.

கவனியுங்கள், வந்துவிட்டது! சூடு ஏறிய பிறகு அந்த மாத சன்னல் மூடியாயிற்று. இரண்டு, மூன்று மாதம் எழுதினால்தான் அடுத்த மாதத்தைக் கணிக்கலாம். இரவு முழுக்க கிரிவலம் நடந்து, விடியற்காலை இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து பார்த்த கணக்கைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். குறைந்தது மூன்று மணி நேரத் தொடர் தூக்கமாவது வேண்டும். அந்தத் தேதிக்கு நேரே 'கிரிவலம்' என்று எழுதிவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள். இன்னொரு அற்புதம்: ஏறிய சூடு 18 நாளுக்கும் மேல் இறங்காவிட்டால், கர்ப்பத்துக்கான நல்ல அறிகுறி!

10. மருந்துக் கடை ஸ்ட்ரிப்... இரண்டு வகை உண்டு, மாற்றி வாங்காதீர்கள்!

செங்கம் ரோட்டு மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்தி 'கார்டு' என்று கேட்டால், பழுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு. கருமுட்டை வரும் நாளைக் காட்டும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப் வேறு! முட்டை வருவதற்கு 24 முதல் 36 மணி நேரம் முன்பு மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைக் குபீரென்று கொட்டுகிறது. அது சிறுநீரில் தெரியும்போது ஸ்ட்ரிப்பில் இரண்டாவது கோடு, முதல் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அடர்த்தியாகும். மங்கலான கோடு கணக்கில்லை! அடர்த்தியானால் அன்றும் மறுநாளும் உங்கள் நாள். ஆனால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். ஸ்ட்ரிப் திரும்பத் திரும்ப 'ஆம்' சொல்லி ஏமாற்றும். அவர்களுக்கு ஸ்கேன்தான் சரி.

11. ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்துகிறதா?

சில பெண்களுக்கு மாத நடுவில் அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். சில நிமிடம் இருக்கும், சிலருக்கு ஒரு நாள்கூட நீடிக்கும். கருமுட்டை வரும் வலி அது! மார்பில் கனம், லேசான திட்டு, கூடல் மீது கூடுதல் விருப்பம் ஆகியவையும் வரலாம். எதுவுமே தெரியாமல் போவதும் இயல்புதான். வலி இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

12. பிள்ளை பெறாத கன்னியாஸ்திரிகளால் பிறந்த பிள்ளைகள்!

துறவிகள் நிறைந்த ஊர்க்காரர்கள் ரசிக்க ஒரு நிஜக் கதை! மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்ணின் சினைப்பை வேலையை நிறுத்திவிடும். பிட்யூட்டரி விடுமா? வேலை செய், வேலை செய் என்று ஹார்மோனை மேலும் மேலும் ஊற்றும். அது சிறுநீரில் ஏராளமாக வெளியேறும். இத்தாலிய விஞ்ஞானி பியேரோ தோனினி அதைப் பிரித்தெடுக்க வழி கண்டுபிடித்தார். ஆனால் கர்ப்பிணியின் சிறுநீர் துளிகூடக் கலக்கக் கூடாதே, எங்கே போவது? வயதான கன்னியாஸ்திரிகள் வாழும் மடங்களுக்குப் போனார்கள்! அங்கே திரட்டிய சிறுநீரிலிருந்து பிறந்ததுதான் 'பெர்கோனல்' ஊசி மருந்து. புருனோ லூனன்ஃபெல்ட் என்ற மருத்துவரின் முயற்சியில் 1962இல் இஸ்ரேலில் இந்த மருந்தால் முதல் குழந்தை பிறந்தது. இன்று கருத்தரிப்பு மையங்களில் முட்டை வளர்வதற்குப் போடும் ஊசிகளுக்கு இதுதான் முன்னோடி!

13. முட்டையும் விந்தணுவும் சேர்ந்த அன்றே கர்ப்பமா? இல்லை!

சேர்ந்த கரு உருண்டு உருண்டு கருப்பைக்கு வந்து சுவரில் ஒட்ட ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிறது. 84 சதவீதக் கர்ப்பங்களில் முட்டை வெளிவந்த 8, 9, 10ஆம் நாட்களில்தான் கரு ஒட்டியது என்று 1999இல் வில்காக்ஸ் குழு கண்டது. ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். தொடக்கத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். சேர்ந்த மூன்றாம் நாளே 'எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு' என்றால், அது கரு செய்யும் வேலை இல்லை!

அப்படியானால் மார்பு வலி, வயிறு உப்பல், அசதி? இதில்தான் இயற்கை விளையாடுகிறது. மாதவிலக்குக்கு முன் வருவதற்கும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வருவதற்கும் காரணம் அதே புரோஜெஸ்டிரோன். அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது! நாள் தள்ளிப்போவது, அடிக்கடி சிறுநீர், தாளிக்கும் வாசனையே பிடிக்காமல் போவது எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். சிலருக்கு ஓரிரு சொட்டு மட்டும் திட்டாகப் படும். அதை மாதவிலக்கு என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு.

14. கோதுமையும் தவளையும் கர்ப்பம் பார்த்துச் சொன்ன காலம்!

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் பெண்ணின் சிறுநீரைக் கோதுமை, பார்லி விதைகள் மேல் ஊற்றினார்கள். முளைத்தால் கர்ப்பம்! மூடநம்பிக்கை என்றுதானே நினைக்கிறீர்கள்? 1963இல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீர் சுமார் 70 சதவீத முறை விதையை முளைக்கவைத்தது, மற்றவர்களுடையது முளைக்கவைக்கவில்லை! முளைத்த விதையை வைத்துச் சொன்ன ஆணா பெண்ணா என்ற கணிப்பு மட்டும் படுதோல்வி.

1930களில் லான்சலாட் ஹாக்பென் என்ற விஞ்ஞானியின் ஆய்விலிருந்து வந்தது தவளைச் சோதனை. பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசியாகப் போடுவார்கள். கர்ப்பமென்றால் ஒரே நாளுக்குள் தவளை முட்டையிடும்! அதே தவளையை மறுபடியும் பயன்படுத்தலாம். 1960கள் வரை உலகெங்கும் ஆய்வகத் தொட்டிகளில் தவளைகள் காத்திருந்தன.

15. அந்தச் சிவப்புக் கோடு... தங்கம்!

ஆமாம், நிஜத் தங்கம்! பெரும்பாலான கர்ப்பப் பரிசோதனைக் கார்டுகளில் நிறம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள். அத்தனை நுண்ணியதாக உடைத்தால் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகிவிடும்! சிறுநீரில் எச்.சி.ஜி. இருந்தால் அது இந்தத் துகள்களோடு சேர்ந்து போய் 'டி' இடத்தில் சிக்கிக் கோடாகிறது. மிச்சத் துகள்கள் 'சி' இடத்தில் நின்று, கார்டு வேலை செய்கிறது என்று சாட்சி சொல்கின்றன. 'சி' கோடு விழாவிட்டால் கார்டே செல்லாது!

வீட்டிலேயே பார்க்கும் இந்த வசதியை யோசித்தவர் மருத்துவரல்ல. 1967இல் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பெட்டிகளை வடிவமைக்க வேலைக்குச் சேர்ந்த 26 வயது மார்கரெட் கிரேன்! மேசை மேல் இருந்த பேப்பர் கிளிப் டப்பாவைப் பார்த்து முதல் மாதிரியைச் செய்தார். காப்புரிமைக்காக அவருக்குப் பேசிய விலை ஒரு டாலர்!

பார்க்கும் முறை: நாள் தள்ளிய பிறகு, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். அட்டையில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துக் கோடு தெரிகிறதே என்று குதிக்காதீர்கள். இல்லை என்று வந்து நாளும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

16. கரு உருவாகும் முன்பே இரண்டு வாரக் கர்ப்பம்!

கார்டில் கோடு விழுந்த அன்றே டாக்டர் 'நாலு வாரம்' என்பார். கணவர் விரல் விட்டு எண்ணிவிட்டு முழிப்பார்! பயப்பட வேண்டாம், கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. அந்த நாலு வாரத்தில் முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிவது ஆறு வாரம் வாக்கில். அதற்கு முன் ஓடிப்போய் ஸ்கேன் எடுத்து, துடிப்பைக் காணோமே என்று அழ வேண்டாம்.

17. மசக்கைக்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று!

2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த செய்தி இது. ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன்தான் குமட்டலுக்கு முக்கியக் காரணம். கருவும் நச்சுக்கொடியும் அதைத் தாயின் ரத்தத்துக்கு அனுப்புகின்றன. கர்ப்பத்துக்கு முன்பே உடம்பில் அது அதிகம் இருந்து பழகியவர்களுக்கு வாந்தி குறைவு, பழகாதவர்களுக்குத் திண்டாட்டம்! ஆய்வாளர்களில் ஒருவரான மார்லினா ஃபெய்சோ கடுமையான மசக்கையில் தம் கருவையே இழந்தவர். 'எல்லாம் மனசுதான்' என்று சொல்பவர்களுக்கு அவர் கொடுத்த பதில் இது. வாந்தி இல்லையென்றால் கரு சரியில்லை என்றும் அர்த்தமில்லை!

18. ஃபோலிக் மாத்திரையின் வேர் பம்பாயிலும் குன்னூரிலும்!

1928இல் பம்பாய்க்கு வந்தார் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ். துணி ஆலையில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கொடிய ரத்தசோகை ஏன் என்று ஆராய்ந்தார். நம் நீலகிரிக் குன்னூரிலும் அவர் ஆய்வு நடந்தது. கடைசியில் அதைக் குணமாக்கியது எது தெரியுமா? ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் விழுது! 1931இல் அவர் எழுதிய அந்த மர்மச் சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் எனப்பட்டது; 1941இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

இதில் தூக்கிவாரிப்போடும் சங்கதி: சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே அப்போது உறுதியாகியிருக்காது! எனவே மாத்திரை கர்ப்பமான பிறகு அல்ல, முயற்சி தொடங்கும்போதே. தினமும் 400 மைக்ரோகிராம். சர்க்கரை, வலிப்பு இருப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

19. கலைந்தால் பப்பாளியா குற்றவாளி?

1988இல் வெளியான ஓர் ஆய்வில், ஒட்டிய கருக்களில் 31 சதவீதம் கலைந்தன. அதில் பெரும்பகுதி பெண்ணுக்கே தெரியாத கட்டத்தில்! தொடக்கத்திலேயே கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். குடம் தூக்கினாள், மாடி ஏறினாள், வண்டியில் போனாள் என்று பழி போட வேண்டாம். சரி, பப்பாளி? 2002இல் எலிகளிடம் சோதித்தார்கள். பழுத்த பழம் எதுவும் செய்யவில்லை. காயின் பால்தான் கருப்பையைச் சுருங்கவைத்தது. காயைத் தவிருங்கள். ஒரு துண்டுப் பழம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க அழாதீர்கள்!

20. இது வந்தால் காத்திருக்கவே கூடாது!

கார்டில் கோடு விழுந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், ரத்தப்போக்கு... இவை கரு கருக்குழாயிலேயே தங்கிவிட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து! உடனே 108. தண்ணீர்கூடத் தங்காத வாந்தியும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்தான்.

எல்லாம் நலமென்றால், கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவிக்கும் இதுவே முதல் படி.

21. ராஜாவுக்கு டெஸ்ட் எடுத்தார்களா?

இந்த ஊர்த் தலபுராணத்தின் வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே குழந்தையாக வந்து அவருக்கு மகனானார். இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் மகன் முறையில் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார்! கார்த்திகை தீபத் திருவிழாவில், பிள்ளை வரம் கிடைத்த தம்பதிகள் கரும்பில் புடவை கட்டித் தொட்டிலாக்கி, குழந்தையைக் கிடத்தி மாடவீதி சுற்றுவதும் இந்த ஊரில்தான். கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையாரின் குறுகலான வாசல்களில் படுத்து, ஒருக்களித்து நுழைந்து வரும் பெண்களில் எத்தனையோ பேருக்கு அதே வேண்டுதல்.

அந்தப் புராணத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ராஜாவுக்கு ராணிகள் இரண்டு பேர். இருவருக்குமே பிள்ளை இல்லை! இன்றைய டாக்டராக இருந்தால் முதல் டெஸ்ட் யாருக்கு எழுதியிருப்பார்?

குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை. பெண்ணுக்கு ரத்தம், ஸ்கேன், குழாய் டெஸ்ட் என்று வரிசையாக நடக்கும். ஆணுக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை, ஊசிகூடக் கிடையாது! ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. இன்று பீடி, சிகரெட், குடியை விட்டால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்ற பிறகு, 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் காத்திருக்காமல், டாக்டரைப் பாருங்கள். இருவரும் சேர்ந்து போங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு பிரிவு இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்பு மையமே இருக்கிறது. வேண்டுதல் பாட்டுக்கு நடக்கட்டும். அடுத்த பௌர்ணமிக்கு மனைவி கிரிவலம் சுற்றுவதற்குள் கணவர் லேபுக்கு ஒரு நடை போய்வந்திருக்க வேண்டும்!